சோறு வடிக்கத் தெரியாத பேராசிரியருக்கு

என்றும் என் அன்பில் இருப்பவருக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகும் நம் காஜா பேராங் சாலை வீட்டில் எல்லாம் நீங்கள் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. நேற்று உங்கள் பழைய மாணவர் குணசேகரன் வந்திருந்தார். அவரும் இப்போது பொருளாதாரப் பேராசிரியர். உங்கள் பெயரில் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்தப் போகிறார்களாம். முதல் கூட்டத்தில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

“ஆண்டி, லண்டனோ ஜெனீவாவோ, ப்ரொபசர் முதல் கிளாஸ்ல உங்க கதையத்தான் சொல்வாரு லா,” என்றார்.

எந்தக் கதை என்று எனக்குத் தெரியாதா? மெர்டேக்கா வந்த வருடம், நாடு விடுதலையான வருடம். நான் படித்த கான்வென்டிலேயே ஆசிரியையாக வரச் சொல்லி மதர் என்னைக் கூப்பிட்டிருந்தார். போகட்டுமா என்று கேட்டேன். அவரவருக்கு ஒப்பீட்டில் எது நன்றாக வருமோ அதை மட்டும் செய்ய வேண்டும் என்ற உங்கள் வர்த்தகப் பாடத்தையே எடுத்து வைத்தீர்கள்.

“பாடம் நடத்துறதுலயும் நீதான் கெட்டி, சமையல்லயும் நீதான் கெட்டி. ஆனா சமையல்ல நான் சுத்த மோசம். அதனால நீ வீட்டைப் பாரு, நான் பாடம் நடத்துறேன். ரெண்டு பேருக்கும் லாபம்.”

“சோறு வடிக்க உங்களுக்கு யாராவது கத்துக் கொடுத்தாங்களா? கத்துக்கிட்டா வராதா?” என்று கேட்டேன். சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். பிறகு எழுந்து போய் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தீர்கள். ரசம் ஆறிப்போயிற்று.

அந்தக் கட்டுரைதான் உங்களை உலகம் சுற்ற வைத்தது. ரப்பரையும் ஈயத்தையும் விற்று, துணி துவைக்கும் சவர்க்காரத்தைக்கூட வெளியில் வாங்கு என்று ஒரு புதிய நாட்டிடம் சொல்லாதீர்கள். கற்றுக்கொள்ள இடம் கொடுத்தால் அதையும் அந்த நாடே செய்யும் என்று எழுதினீர்கள். நாடு கற்றுக்கொண்டது. நீங்கள்? கடைசிவரை சோற்றுப்பானைப் பக்கம் வந்தீர்களா?

அந்தக் கான்வென்ட் வேலைக்கு வேறொருத்தி போனாள். காலையில் அவள் சைக்கிள் நம் வாசலைத் தாண்டும்போது ஜன்னலைச் சாத்திவிடுவேன். நீங்கள் விமானம் ஏறிய நாட்களிலும் அப்படித்தான், கையசைத்துவிட்டு உள்ளே வந்து சாத்துவேன்.

“நான் என்ன பதில் சொன்னேன்னு சொல்வாரா, தம்பி?” என்று குணசேகரனைக் கேட்டேன்.

“பதிலா? நீங்க சிரிச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டதாத்தான் சொல்வாரு.”

“என் பேரை?”

“மை வைஃப்னு சொல்வாரு, ஆண்டி.”

நான் சிரிக்கவில்லை. அது உங்களுக்கும் தெரியும். உங்களை நினைத்தால் அழுகை வருகிறது. உங்கள் புகழைக் கேட்டால் வயிறு எரிகிறது. இரண்டும் ஒரே மனத்தில் எப்படித்தான் குடியிருக்கின்றன?

கூட்டத்துக்குப் போகிறேன். உங்களைக் குறைத்து ஒரு சொல் பேச மாட்டேன், பயப்படாதீர்கள். கதையில் நீங்கள் விட்டுவிட்ட பாதியை, அன்று நான் கேட்ட கேள்வியை, சொல்வேன். என் பெயரைச் சொல்வேன். உட்கார்ந்துவிடுவேன். அதற்கு ஐந்து நிமிடம் தாராளம்.

உங்கள் மனைவி,
கமலாம்பிகை