பத்திரிகையில் மதுரைவீரன்

மதுரைவீரன் துணை

ஜெயங்கொண்டம்
11.5.98

அன்புள்ள அண்ணன் இளையபெருமாளுக்கு, தங்கை செங்கமலம் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம், வெயில்தான் சரியில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

இலக்கியா கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தேன். இரண்டாவது உங்களுக்கு. வெற்றிலை பாக்கோடு எங்கள் வூட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, நேரில் வந்து அழைப்பார். அதற்குள் நீங்கள் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் இதைத் தபாலில் அனுப்புகிறேன். பத்திரிகை முகப்பில் இருப்பது நம் ஏரிக்கரை மதுரைவீரன். நீங்கள் எடுத்து எங்கள் பூஜை அறையில் மாட்டிக் கொடுத்தீர்களே, அந்தப் படத்தைத்தான் அச்சகத்தில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் சாமியிடம் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தது. அதனால் தைரியமாகப் போட்டேன்.

இப்போது ஒரு குழப்பம். அந்தச் சிலையைச் செய்த அரும்பாவூர் செல்லதுரை பத்திரிகையைப் பார்த்திருக்கிறார். சந்தையில் என்னை நிறுத்தி, “ஏம்மா, நான் செஞ்ச சிலையைப் போட்டிருக்கீங்களே, ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?” என்றார். காய்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன். பேப்பரில் கேஸ் என்று வருமே, அப்படி ஏதாவது ஆகிவிடுமா? கல்யாண வூட்டில் வம்பு என்று சம்பந்தி காதுக்குப் போனால் நன்றாகவா இருக்கும்? சாமி ஊருக்குப் பொது. சிலை செல்லதுரை கை வேலை. அப்படியானால் படம் போட யாரைக் கேட்க வேண்டும்? நீங்கள் போட்டோத் தொழிலிலேயே இருப்பவர். விவரம் எழுதுங்கள்.

இலக்கியா நெற்றியில் மாமன் பட்டம் கட்ட நீங்கள் முதல் நாளே வந்துவிட வேண்டும்.

உங்கள் தங்கை
செங்கமலம்


பெரம்பலூர்
16.5.98

செங்கமலத்துக்கு,

கடிதமும் பத்திரிகையும் கிடைத்தன.

நீ கேட்டதை ஸ்டுடியோவுக்கு வரும் வக்கீல் ஒருவரிடம் விசாரித்தேன். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையை யாரும் படம் எடுக்கலாம். அந்தப் படத்தை அச்சடிக்கலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். சிலை செய்தவரின் அனுமதி தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். செல்லதுரையிடம் மரியாதையாகச் சொல்லிவிடு.

ஆனால் சிலை வேறு, படம் வேறு. காசு கொடுத்து ஒரு படத்தை எடுக்கச் சொன்னால் அது சொன்னவருக்குச் சொந்தம். யாரும் சொல்லாமல் தானாக எடுத்த படம் எடுத்தவனுக்குச் சொந்தம். அதை அச்சடிக்க அவனைத்தான் கேட்க வேண்டும். இதையும் வக்கீல்தான் சொன்னார்.

ஆனியில் முகூர்த்த ஆர்டர்கள் நிறைய இருக்கின்றன. வர முடியுமா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு
கோ. இளையபெருமாள்


மதுரைவீரன் துணை

ஜெயங்கொண்டம்
22.5.98

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். சட்டம் புரிகிற மாதிரி இருக்கிறது, நீங்கள்தான் புரியவில்லை.

செல்லதுரையிடம் தாம்பூலத்தட்டோடு போனேன். அவர் சிரிக்கிறார். “படம் போட்டதுக்கா கோவம்? ஊரே பாக்கத்தானே செஞ்சேன். குதிரை வாலை வெட்டிட்டீங்களேம்மா! அந்த வால் முடியை ஒண்ணொண்ணா இழைக்கறதுக்குள்ள என் இடுப்பு ஒடிஞ்சிருச்சு. வாலில்லாத குதிரையில வீரன் எங்க போவாரு?” என்கிறார். பார்த்தால் ஆமாம், வால் நுனி இல்லை. அவர் விஷயம் அதோடு தீர்ந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாப்பிள்ளை பத்திரிகையோடு வந்தபோது, படம் கழுவுகிறேன் என்று நீங்கள் இருட்டறைக்குள் போய் வெளியே வரவே இல்லையாமே? அண்ணிதான் தட்டை வாங்கினார்களாம். இவர் திரும்பி வந்து, “உங்கண்ணன் படத்துக்குக் காசு எதிர்பாக்குறாரோ?” என்றார். நான் பிடித்த பிடியில் அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்தார்.

என் மனசுக்கு வேறொன்று தோன்றுகிறது. சீர் செய்யக் கை கடிக்கிறதா, அண்ணா? எங்கள் வூட்டு வரவு செலவை எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியாதா கஷ்டம்? மஞ்சள், குங்குமம், ஒரு நூல் புடவை போதும். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

படத்துக்கு உங்களைக் கேட்க வேண்டும் என்பது நிஜமாகவே எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் கொல்லையில் கீரை பறிக்க யாராவது அனுமதி கேட்பார்களா? அதுதான் கோபம் என்றால் இப்போது கேட்கிறேன், கொடுங்கள். மாமன் இல்லாமல் என் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பேன்?

செங்கமலம்


பெரம்பலூர்
27.5.98

செங்கமலம்,

சீரைப் பற்றி நீ எழுதியிருக்க வேண்டாம். இலக்கியாவுக்குப் பட்டுப்புடவை எடுத்துத் தைப் பொங்கலிலிருந்து பீரோவில் இருக்கிறது.

நீ கேட்டிருந்தால் ஒரு நொடியில் சரி என்றிருப்பேன். கேட்காமல் முழுசாகப் போட்டிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். என் கோபம் அது இல்லை. பூஜை அறைப் படத்தையும் பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துப் பார். வலது பக்கம், கீழ் மூலை.

அந்தப் படத்துக்காக விடியற்காலையில் ஏரித் தண்ணீருக்குள் இடுப்பளவு நின்றேன். கரையில் கைவிளக்கோடு நின்றவள் நீதான். வேறு யாருக்கும் அது தெரியாது. அதற்கப்புறம் அந்தப் படம் எங்கெங்கோ போனது. பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் பார்த்தேன், பஞ்சர் கடையில் பார்த்தேன், ஒரு நகைக்கடைக் காலண்டரில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த மூலை மட்டும் இல்லை. முன்பின் தெரியாத ஆட்கள், அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

உன் பத்திரிகை வந்ததும் பெண் பேர், மாப்பிள்ளை பேர் எதையும் நான் படிக்கவில்லை. முதலில் மூலையைத்தான் பார்த்தேன்.

இளையபெருமாள்


மதுரைவீரன் துணை

ஜெயங்கொண்டம்
2.6.98

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்த்தேன். ‘படம்: கோ. இளையபெருமாள்’ என்று குளம்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. பத்திரிகையில் இல்லை. அதை எடுக்கச் சொன்னவள் நான்தான். அச்சகத்தார் தானாகச் செய்யவில்லை. எழுத்தை எடுப்பதென்றால் அந்த ஓரத்தையே வெட்ட வேண்டும் என்றார்கள், வெட்டுங்கள் என்றேன். வால் போனதும் அதில்தான்.

ஏன் சொன்னேன் என்று கேளுங்கள். காலில் ஒரு துண்டுக் காகிதம் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். அதில் பெருமாள் பேரைச் சுமக்கிற என் அண்ணன் பேர் குதிரைக் குளம்புக்கு அடியில் கிடக்கலாமா? பூஜை அறையில் இத்தனை வருஷமும் அந்த இடத்தில் ஒரு செம்பருத்தியை வைத்து மறைத்தே வைத்திருந்தேன். உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் அழித்தேன். இப்போது அது உங்களை அழித்த மாதிரி ஆகிவிட்டது. எது பக்தி, எது தப்பு என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாமியிடம் பூக் கேட்கத் தெரிந்தது, உங்களைக் கேட்கத் தெரியவில்லை.

மிச்சமிருக்கிற பத்திரிகைகளில் உங்கள் பேரை என் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். குளம்படியில் எழுத இன்னும் கை வரவில்லை. சாமி தலைக்கு மேலே எழுதுவதும் அபசாரம். கடைசியில் அரிவாள் பிடித்த கைக்குப் பக்கத்தில், வெறும் வானத்தில் எழுதினேன்: ‘படம் எடுத்தவர், பெண்ணின் தாய்மாமன் கோ. இளையபெருமாள், பெரம்பலூர்.’ முன்பே கொடுத்த வூடுகளுக்கும் போய் வாங்கி எழுதிக் கொடுக்கிறேன். சம்பந்தியம்மா, “அழைச்ச பத்திரிகையைத் திருப்பிக் கேக்குறது எந்த ஊர் வழக்கம்?” என்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்கள்.

இது சரியா தப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. நீங்கள் வருகிறீர்களா என்று தெரியாமல் யாருக்குச் சொல்வது?

செங்கமலம்


பெரம்பலூர்
8.6.98

அன்புள்ள தங்கை செங்கமலத்துக்கு,

நீ பேர் எழுதிய பத்திரிகை ஒன்றை நம் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். அந்த வானம் வெளுக்கக் காத்திருந்துதான் தண்ணீரில் விறைத்தேன். அதன் மேலேயே பால் கணக்கு மாதிரி கோணல் கோணலாக எழுதி வைத்திருக்கிறாய். உன் அண்ணி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். போதும், நிறுத்து. சம்பந்தி வூட்டுப் பக்கம் இனிமேல் பத்திரிகை கேட்டுப் போகாதே.

நானும் அண்ணியும் முதல் நாள் மத்தியானமே வந்துவிடுவோம். போட்டோவுக்கு அரியலூர் சின்னதுரையிடம் சொல்லிவிட்டேன். நான் கேமராவைத் தூக்கினால் எந்தப் படத்திலும் இருக்க மாட்டேன். இவ்வளவு வருஷத்தில் நம் குடும்பப் படம் ஒன்றிலாவது என்னைப் பார்த்திருக்கிறாயா? பட்டம் கட்டும்போது இலக்கியா பக்கத்தில் நான் தெரிய வேண்டும்.

காசு நீ கொடுப்பதால் படங்கள் உனக்குத்தான் சொந்தம், சட்டம் அப்படித்தான். ஆனால் சின்னதுரை மூலையில் தன் பேரைப் போடுவான். அது யார் காலடியில் இருந்தாலும் வெட்டாமல் விட்டுவிடு.

உன் அண்ணன்