சட்டைப் பையில் ஒரு பிரவுசர்

6 ஏப்ரல் 1999, செவ்வாய்

பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. படிப்பு லீவு, வெயில் மட்டும் ஃபுல் அட்டெண்டன்ஸ். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் கச்சேரி ரோடு பிரவுசிங் சென்டருக்குப் போகத் தோன்றுகிறது. அங்கே ஓனர் கல்யாணராமன் மாமா. பெயரில்தான் கல்யாணம், முகத்தில் பத்தாம் நாள் காரியம். நான் எழுந்ததும் என் சீட்டில் உட்கார்ந்து, எந்தெந்தப் பக்கம் பார்த்தேன் என்று மெஷினில் தோண்டி அப்பாவிடம் ஒப்பிப்பார்.

இனிமேல் முடியாது. பத்திரிகையோடு வந்த சி.டி.யில் ஒரு குட்டி பிரவுசர் இருந்தது. மொத்தமும் ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிட்டது. சொருகி, அதிலிருந்தே ஓட்டி, உருவிக்கொண்டு வந்துவிடலாம். கர்ர் கர்ர் என்று ஆமை வேகம்தான். ஆனால் மெஷினில் என் கால்தடமே கிடையாது. மாமா இன்று தேடித் தேடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஃப்ளாப்பி என்று பெயர், என் வாழ்க்கையின் ஒரே ஹிட்.

8 ஏப்ரல்

சண்முகவேல் இன்றும் கேட்டான், பதில் வந்திருக்குமா என்று. ரங்கநாதன் தெரு பாத்திரக்கடையின் இளவரசன், என் கிளாஸ்மேட். சிங்கப்பூரில் பொருள்களை வடிவமைக்கக் கற்றுத்தரும் கல்லூரிக்கு ஒரு மாதம் முன்னால் மெயில் போட்டான். வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான்.

கை அரித்தது. ஃப்ளாப்பியைச் சொருகி, கல்லூரிப் பதிவாளர் பெயரில் ஒரு இலவச மெயில் திறந்து அவனுக்கு அனுப்பினேன். 'உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.' கடைசி வரி: 'விடுதியில் சாப்பிடச் சொந்த எவர்சில்வர் தட்டு கொண்டுவரவும்.' அதைப் படித்ததும் சிரித்துவிடுவான்.

9 ஏப்ரல்

சிரிக்கவில்லை. மெயிலை பிரிண்ட் எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறான். தட்டு எடுத்தாகிவிட்டதாம். கடையிலேயே பெயரும் வெட்டிக்கொண்டானாம்.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை? அவன் முகம் அப்படி இருந்தது.

11 ஏப்ரல், ஞாயிறு

சண்முகவேல் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டான். கடைப் பக்கம் வரமாட்டேன் என்றும். அவர் கத்தவில்லையாம், மத்தியானம் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெரு, அவ்வளவு கூட்டத்தில் அவர் தனியாக. "சொல்லிட்டேம்ல, மச்சி. இனி பயமில்ல," என்றான் போனில்.

எனக்கு இருக்கிறது.

12 ஏப்ரல்

நாளை சொல்லிவிடுவேன்.

13 ஏப்ரல்

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஃப்ளாப்பியைக் கேட்டான். கல்லூரிக்கு நன்றி மெயில் போட வேண்டுமாம். பாண்டி பஜார் சென்டர்க்காரர் அவன் அப்பாவின் சிநேகிதர், தடயம் இருக்கக்கூடாதாம். என் வித்தையை நானே அவனிடம் அளந்திருக்கிறேன், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. மெஷின்ல ஒண்ணும் இருக்காதுன்னு பீத்திண்டேனே, அப்போ எல்லாம் எங்கடா இருக்கும்? ஃப்ளாப்பியிலதான். போன பக்கம் எல்லாம் வரிசையா, அந்தப் பதிவாளர் மெயில் பேரோட. ஒரு தடவைகூட அழிக்கல. மாமா கண்ணுல படாம இருந்தா போதும்னு இருந்துட்டேன் — முட்டாள், முட்டாள்.

12பி பஸ் பிடித்து ஓடினேன். "இப்பத்தான் போனாப்ல," என்றார் சென்டர்க்காரர்.

14 ஏப்ரல், வருஷப்பிறப்பு

கடைக்குப் போனேன். கூட்டம். சண்முகவேல் பில் போடும் மேஜையில் இருந்தான், அப்பாவுக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு வந்தான்.

"அப்பாட்ட சொல்லிட்டேன். யாரோ ஏமாத்திட்டாங்கன்னு. யாருன்னு சொல்லல."

 

ஃப்ளாப்பியை நீட்டினான். "எல்லாம் இதுலதான் கெடக்கு. அழிச்சிரு. வேற எவனும் பாத்தா உனக்குத்தான் அசிங்கம்."

அடித்திருக்கலாம்.

29 ஏப்ரல்

போன் செய்தால் அவன் அம்மா எடுக்கிறார். 'கடையில இருக்கான்.' இன்றோடு ஐந்து தடவை.

8 மே

கல்யாணராமன் மாமா, என்னடா வாய் பூட்டிண்டுடுத்தா, என்று அப்பா எதிரிலேயே கேட்டார். பதிலுக்கு மூன்று சிலேடை தோன்றியது. சொல்லவில்லை.

23 மே, ஞாயிறு

சாயங்காலம் வாசல் மணி அடித்தது. சண்முகவேல். கையில் சிங்கப்பூர் ஸ்டாம்பு ஒட்டிய பெரிய உறை. உண்மை தெரிந்த அன்றே தபாலில் ஒரு கடிதம் போட்டிருக்கிறான், அதற்கு விண்ணப்பப் படிவம் வந்திருக்கிறது. இடம் இல்லை, படிவம்தான். அவன் அப்பாவே உறையைப் பிரித்து, நிஜ ஸ்டாம்புதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம்.

அம்மா, "ஏண்டா, ஆத்துப் பக்கமே காணோம்?" என்று காபி வைத்துவிட்டுப் போனாள். அவன் தொடவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். இத்தனை நாள் ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை, வெறும் 'ஸாரிடா' மட்டும். அவன் படிவத்தை என் பக்கம் தள்ளினான்.

"அந்த மெயில்ல இங்கிலீஷ் நல்லாருந்துச்சு. எழுது. இந்தத் தடவ என் பேர்ல."

ஏன் இங்கே படிக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி. அவன் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைக்கு வருகிற பெண்கள் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் முதலில் விளிம்பில் விரல் ஓட்டிப் பார்ப்பார்களாம். அந்த விளிம்பு எவ்வளவு வளைய வேண்டும் என்று எங்கோ ஒருவர் முடிவு செய்கிறாரே, அவராக வேண்டுமாம் இவனுக்கு.

ஆறு வருஷமாகப் பக்கத்து பெஞ்சு. நான் கேட்டதே இல்லை.