மூன்றாவது பாட்டு

ஒனிஹங்கா, ஒக்லாந்து
3.2.1986

அன்புள்ள மகன் சோதிலிங்கத்துக்கு,

நாங்கள் சுகம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய். பங்குனி தாண்டுவது கடினம் என்று வைத்தியர் உன் அக்கா ரதியிடமும் அத்தான் மகேசனிடமும் சொல்லிவிட்டார். கட்டிலை சன்னலோரம் போட்டிருக்கிறோம். மங்கரே விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால்தான் போகின்றன. ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணைத் திறந்து, "சோதியே வாறான்?" என்று கேட்கிறா.

உன் டிரம்மை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். ஒரு மாதம் வந்துவிட்டுப் போ. டிக்கெட்டை மகேசன் எடுத்து அனுப்புவார்.

வழி பார்த்திருக்கும்
அப்பா


என்ஸ்கெடே, ஹொலண்ட்
24.2.1986

அன்புள்ள அப்பா,

எங்கள் குழு ஸ்டோர்ம்ராம் என்றால் இந்த நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. ஆறு வருஷமாகப் பகலில் நூல் ஆலையில் மெஷின் திருத்தி, இரவில் இளைஞர் மன்றங்களிலும் பியர்க் கடைகளிலும் வாசித்தேன். இப்போதுதான் எங்கள் முதல் இசைத்தட்டு வந்திருக்கிறது. ஜெர்மனியின் பெரிய ஹெவி ராக் குழு ஒன்று, தங்கள் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. அடுத்த கிழமை சாமான்களோடு வான் வண்டியில் கிளம்புகிறோம், மே முடியத்தான் திரும்புவோம். நான் போகாமல் நின்றால் பாட்டுக்காரன் வில்லெம் வேறு ஆளைப் பிடித்துவிடுவான். சொல்லியும் விட்டான்.

தலையிடி, காய்ச்சல் என்று அம்மா எப்போதும் ஏதாவது வருத்தம் சொல்லுகிற ஆள்தானே, அப்பா. வைத்தியர்களும் கூட்டித்தான் சொல்வார்கள். பயணம் முடிந்ததும் கட்டாயம் வருவேன். அதுவரை கெட்ட செய்தி ஒன்றும் எழுதாதேங்கோ. வாசித்தால் கை தடுமாறும்.

நான் வாசித்து நீங்கள் இருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கசெட் அனுப்புகிறேன். அம்மாவாவது கேட்கட்டும்.

அன்பு மகன்
சோதி


ஒனிஹங்கா
14.3.1986

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்டது நியாயம். ஓர் உதாரணம் சொல்கிறேன். என்னிடம் ஜெயரட்ணம் என்றொரு மாணவன் படித்தான். சோதனை நடந்துகொண்டிருக்கும்போது, தகப்பன் செத்துப்போனதாக அவனுக்குத் தந்தி வந்தது. அதை என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைசித் தாளை எழுதிவிட்டு அவன் வெளியே வந்த பிறகுதான் கையில் கொடுத்தேன். நாலு பாடத்திலும் திறமைச் சித்தி பெற்றான். உனக்கும் அப்படியே செய்வேன். யோசிக்காமல் போய் வாசி.

அம்மா அமைதியாக இருக்கிறா. ரதி உன்னைத் தொலைபேசியில் தேடிப் பிடிக்கப் பார்த்தாள். தம்பியைக் குழப்பாதே என்று தடுத்துவிட்டேன்.

ஆசிகளுடன்
அப்பா


ஹனோவர்
12.4.1986

அன்புள்ள அப்பா,

முதல் நாள் சனம் எங்கள்மேல் பியர்க் கோப்பை எறிந்தது. இப்போது கை தட்டுகிறார்கள். ஒரு பத்திரிகை என் டிரம்மை மட்டும் தனியாகப் புகழ்ந்திருக்கிறது, "அந்தக் கறுப்பன்" என்று எழுதித்தான்.

கசெட் இத்துடன் வருகிறது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கோ. இரைச்சல் என்று ஏசுவா, ஏசட்டும். என்ன சொன்னா என்று அப்படியே எழுதுங்கோ. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

சோதி


ஒனிஹங்கா
30.4.1986

அன்புள்ள மகனுக்கு,

கசெட்டைப் போட்டோம். பக்கத்து வீட்டு ராம் பிரசாத் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், உள்ளே என்ன உடைகிறது?" என்று கேட்டார்.

அம்மா ஏசவில்லை. மூன்றாவது பாட்டைத் திருப்பிப் போடச் சொன்னா. அதில் தூறல்போலத் தொடங்கி, பிறகு ஓட்டுக் கூரையில் பெருமழை விழுவதுபோல அடிக்கிறாயாம். வேளைக்குச் சாப்பிடு என்றும் எழுதச் சொன்னா.

அப்பா


என்ஸ்கெடே
6.6.1986

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை வில்லெமுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து மூன்றாவது பாட்டைத்தான் கடைசியாக வாசித்தோம். "இது அன்னபாக்கியத்துக்கு" என்று அவன் பிழை பிழையாகச் சொல்லுவான். சனமும் அம்மாவின் பெயரைக் கத்தும்.

ஸ்டோர்ம்ராம் முடிந்துவிட்டது, அப்பா. ஜெர்மன்காரர் வில்லெமைத் தங்களோடு எடுத்துக்கொண்டார்கள். எங்களிடம் சொல்லாமலே போய்விட்டான். இரண்டாவது இசைத்தட்டு வேண்டாம் என்று கம்பனி சொல்லிவிட்டது. நூல் ஆலையில் என் இடத்தில் வேறு ஆள் நிற்கிறான்.

பரவாயில்லை. அம்மாவுக்குப் பிடித்ததே, அது போதும். ஜூலை ஐந்தாம் திகதி வந்து இறங்குகிறேன். அன்றைக்கு விமானச் சத்தம் கேட்டால் நான்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கோ.

சோதி


ஒனிஹங்கா
18.6.1986

அன்புள்ள மகனுக்கு,

உன் சோதனை முடிந்துவிட்டது. இனித் தந்தியைத் தரலாம்.

அம்மா மார்ச் ஒன்பதாம் திகதி காலமானா. மகன் எங்கே என்று பூசை செய்தவர் கேட்டார். கச்சேரிக்குப் போயிருக்கிறான் என்றேன். பொத்தானை அழுத்தி அவவை நெருப்புக்கு அனுப்பியது மகேசன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் அவரே செய்தார்.

வரமுடியாது என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது அம்மா உயிரோடு இருந்தா. வாசிக்கச் சொன்னா. நான் ஒரு வரியும் விடவில்லை. "எப்போதும் ஏதாவது வருத்தம் சொல்லுகிற ஆள்" என்ற இடத்தில், "ஓம், அது சரிதான்" என்றா. அதன் பிறகு விமானம் போனால் அவ கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டா.

வருவதானால் வா. விமான நிலையத்துக்கு மகேசன் வருவார். நான் வரமாட்டேன்.

கசெட் வந்தபோது அம்மாவின் கட்டிலையும் எடுத்துவிட்டிருந்தோம். அந்த வெற்று அறையில் உட்கார்ந்து கேட்டது நான். மூன்றாவது பாட்டைத் தெரிந்தெடுத்ததும் நான்தான். முழுவதும் கவனமாகக் கேட்டேன். ஓரிடத்திலும் உன் கை தடுமாறவில்லை.

இப்படிக்கு
அப்பா