சாவி இல்லாத வண்டி

எருமப்பட்டி
5-2-2024

சைபுல்லாவுக்குக் காளியாத்தாள் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று யாருக்கும் தெரியவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லையாம். விலாசம் உன் சம்சாரம் மெஹர்பானு கொடுத்தாள்.

போன வாரம் சேலத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள். "உள்ள வா புள்ள" என்றேன். "எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுங்கக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் அவரு ஊட்டுக்கு வருவாரு" என்று அழுதாள். இர்பானா மட்டும் உள்ளே ஓடி என் வீட்டுக்காரருடைய டூல் பெட்டி மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றது.

சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். கருப்பண்ணன் பொக்லைனில் சாவியை விட்டுவிட்டு ரிப்பேருக்கு அடியில் போனான், அதனால்தான் செத்தான் என்று ஊரே பேசியது. நானும் நம்பி என் புருஷனைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அவர் அரைஞாண் கயிற்றை அறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். பிரிக்க மனசு வரவில்லை. பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போதுதான் பிரித்தேன். சாவி அதில் கட்டியிருக்கிறது.

அப்புறம் வண்டி எப்படி ஓடியது? நீதானே ஓட்டினாய். அதை மட்டும் எழுது.

காளியாத்தாள்


பெல்லாரி
17-2-2024

அக்காவுக்கு சைபுல்லா எழுதிக்கொண்டது.

அண்ணன் மேல் தப்பே இல்லைங்க அக்கா. அடியில் போகும்போது சாவியை இடுப்பில் கட்டிக்கொள்வார். "சாவி இல்லாத வண்டியத் தொடாதீங்கடா, அடியில நானிருப்பேன்" என்று ஆபரேட்டர் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

அன்று வண்டியில் நான் ஏறிய பக்கத்துக்கு மறுபக்கம், செயினுக்கும் சுற்றுகிற மேல்கட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து ஆயில் ஓஸ் மாற்றிக்கொண்டிருந்தார். மழை பிடித்துக் குவாரிக் குழியில் தண்ணீர் ஏறிவிட்டது. வண்டிகளை மேலே ஏற்றச் சொல்லி சூப்பர்வைசர் கத்தினார். நான் என் வண்டியை ஏற்றிவிட்டு ஓடி வந்தேன். ஒரே கம்பெனி வண்டிக்கெல்லாம் ஒரே சாவிதான் அக்கா. எந்தச் சாவி எந்த வண்டிக்கு என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. அண்ணன் வண்டியில் சாவி இல்லை. என் கையில் சாவி இருந்தது. போட்டேன். மேல்கட்டைத் திருப்பினேன். அவ்வளவுதான்.

குவாரி ஆபீசிலும் இதையேதான் சொன்னேன். சாவி வண்டியிலேயே இருந்ததாக எழுதிக்கொண்டார்கள். என் பேச்சு எடுபடவில்லை.

உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் "வா சாமி, கை கழுவு" என்பீர்கள். கடுதாசியில் சாமி என்று இல்லை. கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் ஒரு தடவை அப்படி எழுதினீங்கன்னா வந்துவிடுவேன்.

சைபுல்லா


எருமப்பட்டி
2-3-2024

சைபுல்லாவுக்கு,

உன் கடுதாசியை எடுத்துக்கொண்டு குவாரி ஆபீசுக்குப் போனேன். சூப்பர்வைசர் முழுதும் கேட்டுவிட்டு, "அந்தச் சாவியத் திருப்பிக் குடுத்துரும்மா" என்றார். "எல்லா வண்டிக்கும் ஒரே சாவிதானுங்களே, இது உங்களுக்கு எதுக்குங்க" என்றேன். சாவியைக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். கை போகவில்லை. "பொய்யாவாச்சும் எழுதுங்கக்கா" என்கிறாள் மெஹர்பானு. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. அவருடைய காக்கித் துணி ஊறவைக்கிற வாளி சும்மா கிடக்கிறது. வேறு துணி போட்டால் டீசல் நாற்றம் ஏறிவிடுகிறது. தேய்த்துக் கழுவவும் மனசில்லை, தூக்கி எறியவும் மனசில்லை. அப்படித்தான் இருக்கிறேன்.

பிள்ளை உன்னைத் தேடுகிறது. அந்த வார்த்தை இல்லாமலே வா.

காளியாத்தாள்


பெல்லாரி
20-3-2024

அக்கா,

பெருநாளைக்கு முன்னால் வாரேன். முதலில் உங்கள் வீட்டுக்குத்தான். உங்கள் முகத்தைப் பார்க்காமல் மெஹர்பானு முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. நீங்கள் அடித்தாலும் சரி.

சைபுல்லா


எருமப்பட்டி
16-4-2024

சைபுல்லாவுக்கு,

நீ வந்ததை ஜன்னலில் பார்த்தேன்.

பெருநாளுக்கு முந்தின சாயந்திரம் எதிர் பேக்கரி ஓரத்தில் பையோடு நின்றாய். தாடி வளர்ந்து ஆள் பாதியாகிவிட்டாய். நீ நோன்பு திறக்கட்டும் என்று சோறாக்கித்தான் வைத்திருந்தேன். கதவைத் திறக்க எழுந்து போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன், இழுக்க வரவில்லை. நீ ரோட்டைத் தாண்டி வாசல் வரைக்கும் வந்தாய். கதவுக்கு அந்தப் பக்கம் உன் மூச்சு கேட்டது. நீயும் தட்டவில்லை. அப்புறம் பஸ் சத்தம். சேலம் பஸ்தான், ஊட்டுக்குத்தான் போகிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பெருநாள் அன்று மெஹர்பானு போன் செய்தாள். பிரியாணி செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். "அவரு அங்க வந்தாருங்களா அக்கா?" என்றாள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன்? வந்தான், நான் கதவைத் திறக்கவில்லை என்றா? பின்னால் இர்பானா என்னமோ பாடிக்கொண்டிருந்தது.

இந்த விலாசத்தில் இன்னும் இருக்கிறாயா, தெரியவில்லை. இருந்தால் கேட்டுக்கொள். இனிமேல் பகலெல்லாம் கதவைத் திறந்தே போட்டிருப்பேன். தட்ட வேண்டியதில்லை. நான் அடுப்படியில் இருப்பேன். வெளியே வந்து உன் முகத்தைப் பார்ப்பேனா என்று எனக்கே தெரியாது. வட்டிலில் சோறு போட்டு வைத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குச் சேலம் போய்விடு. அவளிடம் நான் சொன்னது பொய் என்றும் நீயே சொல்லிவிடு.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. வா, கை கழுவு.

காளியாத்தாள்