கண்ணாடி போடாத நாற்பது பேர்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் மணிக்கட்டு வலியைப் பற்றிப் போனில் கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் "அதெல்லாம் சரியாயிடுச்சு" என்று நீயே சொல்லிவிடுகிறாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதில் குறுக்கே பேச முடியாது.

ஒரு நல்ல செய்தி. என் கேள்வியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எங்கள் பட்டத்தில் கடைசி வருடம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, படித்த மூன்று துறைகளையும் அதில் இறக்க வேண்டும். வரலாறு, உளவியல், புள்ளியியல் மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர்கள். மூவருக்கும் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னால்தான் பட்டம். என் கேள்வி நம் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தது: ஆசையாகப் பிரேம் பார்த்து வாங்கிப் போகிறவர்கள், பிறகு கண்ணாடியைப் போடாமல் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்களே, ஏன்?

நீ ஒரு உதவி செய்ய வேண்டும். இந்த ஊர்க் கடைகளில் நான் கேட்டுக்கொள்கிறேன். நம் கடையில் வாங்கிவிட்டுப் போடாமல் இருப்பவர்களில் நாற்பது பேரை நீ கேள். அவர்கள் சொல்வதை ஒரு சொல் மாறாமல் எழுதி அனுப்பு. அவ்வளவுதான்.

அன்புடன்,
உன் தங்கை

ஜூன் 21

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அத்தானின் கை அப்படியேதான் இருக்கிறது. லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் அரை நாள் உட்கார்ந்தால் மறுநாள் டம்ளரைத் தூக்க முடிவதில்லை. டிசம்பரில் நீ வந்துவிடுவாய் என்று சொல்லிச் சொல்லித்தான் அவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மெஷினருகே இருக்கும் உன் ஸ்டூலில் வெளியாள் யாரையும் உட்கார விடவில்லை.

நீ கேட்ட நாற்பது பதிலும் இத்துடன் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள்.

வருகிறவர்கள் எல்லாம் தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று கேட்கிறார்கள். வரலாறு என்றால் டீச்சராவாயா, மனசைப் பற்றி என்றால் டாக்டராவாயா, கணக்கு என்றால் பேங்கில் சேர்வாயா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் என்னவாவாய் என்று எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு என்ன சொல்ல? "வந்தா அவளையே கேளுங்க" என்று தப்பித்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே கேட்கிறேன். அந்த நாற்பது பேரையும் நீ கேட்டாயா?

நேற்றுப் புள்ளியியல் ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசாதவர். நீ அனுப்பிய தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். "இதுல இருபத்தாறு பேர் 'சும்மா சொல்லக்கூடாது'ன்னு ஆரம்பிக்கிறாங்க. உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்களாம்மா?" என்று கேட்டார். "இன்னொண்ணு. நீ இங்க கேட்ட ஆளுங்க பாதிப் பேர் கடைக்காரங்களைத் திட்டியிருக்காங்க. உங்க கடையை ஒருத்தர்கூடக் குறை சொல்லலை. நாற்பது பேருக்கும் பிடிச்ச கடை உலகத்துல உண்டா?"

சும்மா சொல்லக்கூடாது என்று யார் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஆனால் நீ சொல்லாமல் நான் எதையும் நம்பத் தயாராக இல்லை. பதில் போடு.

உன் தங்கை

செப்டம்பர் 17

வாலுக்கு,

ஆமாம், நான்தான் எழுதினேன். அதற்கென்ன இப்போது?

மூன்று பேரைக் கேட்டேன். மூவரும் நான் நினைத்ததையேதான் சொன்னார்கள். பிறகு எதற்கு மீதி ஆட்களை மெனக்கெட்டுப் பிடிக்க வேண்டும்? இருபது வருடமாக அவர்கள் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிடுகிறவள் நான். கேட்காதவர்களைப் பற்றியும் எனக்குத் தெரியும்: தையல்கார அக்காவுக்குப் பிரேம் காதை அழுத்துகிறது. லாரி டிரைவருக்கு வியர்த்தால் வழுக்குகிறது. தபால்காரருக்குச் சோம்பேறித்தனம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பொய் எதுவும் எழுதவில்லை, எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன். உனக்கு நல்லது செய்யப் போய் எனக்கு இந்தப் பெயர்.

நீ பாட்டுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு. எங்கள் ஊரில் அப்படித்தான் பேசுவார்கள் என்று சொல்லிவிடு. அந்த அம்மா இங்கே வந்து விசாரிக்கவா போகிறார்? அத்தானுக்கு இரண்டு கையிலும் வலி வந்துவிட்டது. டிசம்பரில் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து சேர்.

அக்கா

செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று ஆசிரியர்களிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். அடுத்த ஜூலைக்கு முன்னால் முடியாது. டிசம்பரில் நான் வரமாட்டேன்.

வரலாற்று ஆசிரியர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். கேள்வியைச் சுருக்கி, இந்த ஊர் ஆட்களை மட்டும் வைத்து எழுதினால் டிசம்பரிலேயே பட்டம் கிடைக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் கடையை விட்டுவிட்டு எனக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அந்த மெஷினில் எட்டு வருடம் உட்கார்ந்து நான் தேய்த்த லென்ஸ்கள் எத்தனை வீட்டில் பெட்டிக்குள் கிடக்கின்றன? அது ஏன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீ நினைப்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லிக் கேட்க வேண்டும்.

அத்தானின் கையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அதைச் சொல்லி நீ என்னைக் கரைக்கப் பார்ப்பாய் என்றும் தெரியும். என் மனது கரையும். ஆனாலும் வரமாட்டேன். மெஷினுக்கு வேறு ஆளை வை அக்கா. என் ஸ்டூலில் உட்கார வை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பாசம் அதைவிட அதிகமாக இருப்பதால் எரிச்சலாகவும் இருக்கிறது. கோடை விடுமுறையில் வந்து நானே எல்லோரையும் கேட்கிறேன். அப்போது நீ பக்கத்தில் நிற்கக்கூடாது.

உன் தங்கை

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் கோபம்தான் காரணம். பிடிவாதத்தில் நீ எனக்கு அக்கா என்று அத்தானிடம் சொல்லித் தீர்த்தேன். அவர் சிரிக்கிறார்.

போன வாரம் தையல்கார அக்கா கடைப்பக்கம் வந்தாள். நான் சொன்னதுதான் சரி என்று உனக்கு எழுதிவிட வேண்டும் என்கிற வீம்பில், கண்ணாடி எங்கே என்று கேட்டேன். காது வலிக்குது என்பாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க கோவிச்சுக்கக்கூடாது. அன்னிக்கு நீங்க இங்கேருந்து உள்ளே பார்த்து என் பவரைக் கத்துனீங்க. என்கிட்ட தைக்கக் குடுக்கிற ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. இவ்வளவு பவரா, இவகிட்டயா துணியைக் குடுக்கிறோம்னு ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் நான் அதை எப்படிங்க போடுவேன்?" என்றாள்.

நான் முன்னாலிருந்து குரல் கொடுப்பதும் அத்தான் மெஷினருகே அதைக் கேட்டுக்கொள்வதும்தானே நம் கடையில் வழக்கம். அதில் ஒருத்தி கூனிக்குறுகிப் போவாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். மறுநாள் இன்னும் சிலரைக் கேட்டேன். அவர்கள் சொன்னதை உனக்கு எழுதப் போவதில்லை. நான் எழுதினால் மறுபடியும் என் வாய்தான் அதில் வரும். நீயே வந்து கேட்டுக்கொள்.

இப்போது பவரைக் கத்துவதில்லை. எழுந்து போய் உள்ளே சொல்லிவிட்டு வருகிறேன். மெஷினுக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறோம். உன் அளவுக்குச் சுத்தமாகத் தேய்க்க வராது, ஆனால் கற்றுக்கொள்கிறாள். அத்தானுக்கு வலி குறைந்திருக்கிறது. நீ ஜூலையில் அவசரப்பட வேண்டாம். இன்னும் ஆறு மாதம் பிடித்தாலும் சரி, ஒழுங்காக முடி. அதற்குப் பிறகு கடைக்கு வருவதும் வேறு வேலைக்குப் போவதும் உன் இஷ்டம்.

நாற்பது பேருக்கு மேல் ஒருத்தியையும் சேர்த்துக்கொள். எனக்குக் கிட்டத்துப் பார்வை மங்கி இரண்டு வருடம் ஆகிறது. நானே பவர் பார்த்து, நானே பிரேம் எடுத்து, அத்தான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி என் மேசை டிராயரில் கிடக்கிறது. ஒரு நாள்கூடப் போட்டதில்லை. எழுதுவதைக் கைப்பழக்கத்தில் பெரிது பெரிதாக எழுதிவிடுகிறேன், ஆனால் உன் கடிதங்களை எல்லாம் அத்தான்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறார். ஏன் போடவில்லை என்று இந்த ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன், நேர்மையாகச் சொல்ல ஒரு பதிலும் வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் பதில் எழுதிவிட்டேன், எனக்கு எழுத வரவில்லை. நீ வரும்போது அவர்களைக் கேட்கிற மாதிரியே என்னையும் எதிரில் உட்கார வைத்துக் கேள். நான் தெரியாது என்று சொன்னாலும் விடாதே.

உன் அக்கா