நான்காவது கட்டத்தில் ஒரு டிக்

மார்ச் 21, வெள்ளி

பிள்ளைகளுக்கு இந்த மாதக் கடைசியில் வசந்த விடுமுறை. எங்கே போவது என்று இரண்டு நாளாக வீட்டில் நடந்த பட்டிமன்றத்துக்கு இன்று தீர்ப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டால் சுற்றுலாவுக்கும் டைம்டேபிள்தான். மிருகக்காட்சிசாலை, மியூசியம், பழைய கோட்டை, கடைசி நாள் நினைவுக் கோபுரம். எந்த ஊர் என்று கேட்டேன்.

"நீங்க போன மாசம் வேலைக்குப் போயிட்டு வந்து ஒரு வாரம் அளந்தீங்களே, அந்த ஊருதான்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மாமனாரும் வருகிறார். கோபுரத்து உச்சியில் நின்று ஊரைப் பார்க்க வேண்டுமாம். முழங்கால் வலிக்காரர், இருபது படி ஏறினால் பத்து நிமிடம் நிற்பார். "அதான் லிஃப்ட் இருக்காமே. அதுவும் நம்ம மாப்ளை செக் பண்ண லிஃப்ட்" என்று போனில் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கே சிரித்தேன், பல்லைக் காட்டினேன்.

மார்ச் 22, சனி

எழுதிவிடுகிறேன்.

போன மாதம் அந்த ஊர் மெக்கானிக் விடுப்பில் போனதால் கம்பெனி என்னை மூன்று நாள் அங்கே அனுப்பியது. கடைசி நாள் மட்டும் ஏழு லிஃப்ட். ஏழாவதுதான் கோபுரம். சோதனைக் கார்டில் ஒன்பது கட்டங்கள். நான்காவது, அவசர பிரேக். கயிறே அறுந்தாலும் பெட்டி கீழே போகாமல் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிக்கிற சமாசாரம். அதைச் சோதிக்க லிஃப்டை ஒரு மணி நேரம் மூட வேண்டும், உள்ளே எடைக்கட்டிகளை ஏற்ற வேண்டும். வெளியே நீள வரிசை. என் ரயிலுக்கு ஐம்பது நிமிடம்.

எட்டுக் கட்டங்களைப் பார்த்தேன். நான்காவதைப் பார்க்கவில்லை. ஒன்பதுக்கும் டிக் போட்டேன், கீழே கையெழுத்து.

பதினாறு வருஷத்தில் இது ஒரே ஒரு தடவை — பார், எனக்கு நானே வக்கீல் வைக்கிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

அந்த ஊர் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். சும்மா விசாரிக்கிற மாதிரி, கோபுரம் எப்படி ஓடுது என்றேன். "அட விடுங்கண்ணே, அதுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனப்புறமும் அது ஓடும்" என்றான். பிரேக்கைப் பார்த்தாயா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால், ஏன் கேக்கறீங்கன்னு கேப்பான்.

கம்பெனியில் சொல்லலாம். சொன்னால் கையெழுத்துப் போடும் உரிமையைப் பிடுங்கிவிடுவார்கள். அது இல்லாமல் நான் யார்? ஸ்பானர் தூக்குகிறவன்.

மார்ச் 29, சனி

வந்து சேர்ந்தாயிற்று. வெயில் உண்டு, ஆனால் காற்று ஊசியாகக் குத்துகிறது. நேராக மிருகக்காட்சிசாலை.

புலி கம்பியோரமாக எட்டு அடி நடக்கும், திரும்பும், மறுபடி எட்டு அடி. "அப்பா மாதிரியே நடக்குது" என்றான் சின்னவன். ஆறு வயது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அப்பா ஒரு வாரமாக வீட்டு ஹாலில் அப்படித்தான் நடக்கிறார் என்று அவனுக்குத் தெரியும், என்னத்தைச் சொல்ல.

ஒட்டகச்சிவிங்கி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேல் கோபுரத்தின் தலை தெரிகிறது. பெரியவள்தான் காட்டினாள். "அப்பா, அதோ உங்க கோபுரம்!"

எம் பொண்ணுக்கு அது என் கோபுரம்.

மார்ச் 30, ஞாயிறு

மியூசியம். கூரையிலிருந்து ஒரு திமிங்கில எலும்புக்கூட்டைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எலும்பைப் பார்த்தார்கள், நான் கம்பியையும் கொக்கியையும் பார்த்தேன். ஒரு கொக்கியில் மட்டும் நட்டு புதிதாக இருந்தது. யாரோ ஏறிப் பார்த்திருக்கிறான். முகம் தெரியாத அந்த மனுஷன் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே நின்றதில் காவலாளி வந்து, "சார், ஏதாவது பிரச்சனையா?" என்றார்.

மனைவி டீக்கடையில் பிடித்துக்கொண்டாள். "உடம்புக்கு என்னங்க? சாப்பாடும் இறங்கல, பேச்சும் இல்ல."

"ஒண்ணுமில்ல, அலைச்சல்."

"பொய் சொல்ற பசங்கள நான் தினமும் நாப்பது பேரைப் பாக்கறேன்" என்றாள். டீயை என் பக்கம் தள்ளினாள்.

மார்ச் 31, திங்கள்

மழை. மழை நாளில் கோபுரம் மூடியிருக்குமாம். கோட்டையில் தொப்பலாக நனைந்தோம், எனக்கு ஒரே சந்தோஷம். நாளையும் கொட்டட்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கொட்டவில்லை. பளிச்சென்று விடிந்தது.

ஒரு மணி நேரம் வரிசை. மாமனார் காலை மாற்றி மாற்றி நின்றார். முகத்தில் ஒரு சலிப்பு கிடையாது. எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலை சுத்துது என்றேன். அவ்வளவுதான். மனைவி எல்லோரையும் வரிசையிலிருந்து வெளியே இழுத்துவிட்டாள். "லிஃப்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், மொதல்ல உக்காருங்க." மாமனார் அந்தக் காலோடு நொண்டி நொண்டிப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். "கோபுரம் எங்கயும் ஓடிடாது மாப்ளை. நீங்க மெதுவாக் குடிங்க."

பெஞ்சில் உட்கார்ந்தேன். என் ஆட்கள் நான்கு பேரும் வெளியே. பத்து நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. கெட்டிக்காரன்டா நீ என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

நாங்கள் விட்ட இடத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து நின்றது. மஞ்சள் தொப்பி, இரண்டிரண்டு பேராகக் கை கோத்து. அவர்களுடைய டீச்சர் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ரெண்டாங்கிளாஸ் இருக்கும்" என்றாள் மனைவி, என் முதுகைத் தடவிக்கொண்டே. "பாருங்க, அந்தம்மா எண்ணி முடிக்கறதுக்குள்ள நாலு பேர் இடம் மாறிட்டாங்க."

அந்தப் பிள்ளைகளில் முதல் பன்னிரண்டு பேரை உள்ளே விட்டார்கள்.

எழுந்தேனா, ஓடினேனா, தெரியல. மூடுகிற கதவுக்குள்ள கைய வச்சிருந்தேன். லிஃப்ட்காரர் கத்தினார், "யோவ், எடுய்யா கைய! யாருய்யா நீ?"

"இதுக்குக் கையெழுத்துப் போட்டவன். அவசர பிரேக்க நான் செக் பண்ணவே இல்ல. இறக்கிடுங்க எல்லாரையும்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையே திரும்பிப் பார்த்தது. திரும்பினால் பின்னால் மனைவி. தண்ணீர் பாட்டில் அவள் கையில் சாய்ந்து, தண்ணீர் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 2, புதன்

கம்பெனியிலிருந்து இரண்டு இன்ஜினியர்கள் வந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். எடை ஏற்றி, வேகம் கூட்டி, பெட்டியை விட்டார்கள். ஒரு சாண்கூட நகரவில்லை, கப்பென்று கவ்வியது.

"பிரமாதமா இருக்கு. இதுக்கா இந்தக் கூத்து?" என்றார் பெரியவர். பிறகு கையை நீட்டி என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். எழுத்து வேலை முடிகிறவரை லிஃப்ட் ஓடாது. மாமனாருக்குக் கோபுரம் அடியிலிருந்துதான்.

ரயிலில் மனைவியிடம் சொன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகியிருக்காது.

"நல்லா இருந்துச்சுன்னு இன்னிக்குத் தெரியும். சனிக்கிழமை தெரியுமா?"

"தெரியாது."

"எங்கள மட்டும் வெளிய கூட்டிட்டு வந்தீங்க. நாம புலி பாத்துக்கிட்டிருந்தப்ப மேல எத்தனை பேர் இருந்தாங்க? மியூசியத்துல இருந்தப்ப?"

மாமனார் பேச்சை மாற்றப் பார்த்தார், "ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க மாப்ளை" என்று. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஆறு மாதத்துக்குக் கையெழுத்து கிடையாது. என்னிடம் வேலை பழகியவன்தான் இனி என் மேலாள். "அண்ணே, அந்த ஸ்பானர எடுங்க"ன்னு சொல்றதுக்குள்ள அவனுக்கு வேர்த்துப் போச்சு பாவம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஊரிலிருந்து வந்த நாளாக மனைவி எங்கள் கட்டிடத்து லிஃப்டில் ஏறுவதில்லை. இதுவும் எங்கள் கம்பெனி பார்க்கிற லிஃப்ட். நான்கு மாடி. உடற்பயிற்சியாம். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு என்ன உடற்பயிற்சி? இன்று பெரியவளும் அம்மாவோடு படியில் ஏறினாள். நான் கீழே நின்று பார்த்தேன்.

கேட்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதால் கேட்கவில்லை.

மே 3, சனி

பேசுகிறோம். கரண்ட் பில், சின்னவனின் பல், நாளைக்கு என்ன சமையல்.

மே 18, ஞாயிறு

மாமனார் நான்கு நாள் தங்க வந்திருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து மூவரும் வந்து கீழே நின்றோம். அவரைப் படியில் ஏற்ற முடியாது. மனைவி அவள் அப்பாவின் கையைப் பிடித்தபடி லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"இத யாரு பாத்தது?"

"புது மேலாள். செவ்வாக்கிழமை. நான் கூட இருந்தேன்."

"எல்லாத்துக்கும் இருந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"எட்டுக்கு இருந்தேன். ஒண்ணு நான் பாக்கல. சாப்பிடப் போயிட்டேன்."

"எது?"

"உள்ள இருக்கிற அலாரம் மணி."

அவள் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். கட்டிடமே அதிர மணி அடித்தது. முதல் மாடிக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்து, "என்னாச்சும்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார், செக் பண்றேன்" என்றாள். பிறகு அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே நிறுத்தினாள். நான் பெட்டிகளோடு படிப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போறீங்க? நீங்களும் ஏறுங்க" என்றாள்.