கூடையின் எடை

1997 மே 12, திங்கள்

எண்பத்தாறு கிலோ.

டாக்டர் எண்ணை எழுதி, அடியில் எழுபத்தைந்து என்று எழுதினார். நடுவில் கோடு.

அண்ணனுக்குக் கிட்னி தர வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணியின் இரத்தப் பிரிவு சேரவில்லை. மீதி நான். எல்லாம் பொருந்துகிறது, என் பருமனைத் தவிர. "பதினொரு கிலோ குறையுங்க. அப்புறம்தான் உங்க கிட்னியை எடுக்கிறதைப் பத்திப் பேசுவோம்." ஆகஸ்டில் மறுபடி பார்ப்பாராம்.

வாரம் இரண்டு டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அண்ணனுக்கு நான்கு டம்ளர் தண்ணீர்தான். திரும்பும்போது கருமத்தம்பட்டி பஸ்ஸில் அவர் சொன்னார்: "சின்ன வயசுல உன்ற தட்டுல இருந்ததையும் நான்தான் புடுங்கித் தின்னேன். அப்படியும் எப்படிடா குண்டா ஆனே?"

சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

மே 13

டயட்டீஷியன் ஜாஹிதா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "பட்டினி கிடக்காதீங்க. கொழுப்புதான் கரையணும், சதை கரையக்கூடாது. தராசுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது." பாதிச் சோறு. கொள்ளு, முட்டை, கீரை. எண்ணெய் மூன்று ஸ்பூன். ஒரு மணி நேர நடை. வாரம் அரைக் கிலோ போதுமாம்.

அரைக் கிலோ என்றால் அக்டோபர் ஆகிவிடும். அதுவரை அண்ணன்?

மே 20

முஸ்தபா வந்தான். எம்.ஏ.யில் என்னோடு படித்தவன். இப்போது மருந்துக் கம்பெனி ரெப். பையிலிருந்து மாத்திரை அட்டைகள் எடுத்தான். "பசியே தெரியாது மாப்ளே. மூணு மாசம் பண்றத மூணு வாரத்துல பண்ணிரலாம்."

வாங்கிக்கொண்டேன். புத்தக அலமாரியில், அகராதிக்குப் பின்னால்.

விழுங்கவில்லை. தூக்கியும் எறியவில்லை.

ஜூன் 8

தறிக் குடோனுக்குப் போனேன். மூன்று தலைமுறையாக எங்கள் சோறு அங்கிருந்துதான் வருகிறது. நான் உள்ளே போய் இரண்டு வருடம் இருக்கும். நூல் நிறுக்கும் ராசப்பன் இரும்புக் கூடையைத் தராசிலிருந்து இறக்கி வைத்தார். "ஏறுங்க சின்னவரே, எத்தன பேல் நூலுன்னு பாப்போம்." தறிக்காரர்கள் சிரிப்பு.

முள் எண்பத்தொன்றில் நின்றது.

நான்கு வாரத்தில் ஐந்து கிலோ! மாத்திரை தேவையில்லை. உணவே போதும்.

ஜூன் 29

அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் மிதக்கிறது. வேண்டாம் என்றால் அம்மா முறைக்கிறாள். "அறுக்கற ஒடம்புல தெம்பு வேண்டாமாங்கண்ணு?"

தட்டை நகர்த்தினேன். பிறகு கையைக் கழுவாமலே அம்மா சொன்னது: "ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆபரேஷன் மேசைல படுத்தா நான் எந்த ரூமு வாசல்ல போய் நிக்கிறது?"

இன்றும் நடந்தேன். ஆறு கிலோமீட்டர்.

ஜூலை 20

குடோன் தராசில் எழுபத்தேழு. பழைய சட்டைகள் தொளதொளவென்று. அம்மா சொல்லாமலே கொள்ளுப் பருப்பை எண்ணெய் விடாமல் கடைந்து வைத்தாள்.

ஆகஸ்ட் 4

எழுபத்தைந்து. முள் ஆடாமல் நிற்கிறது. நாளை ஆஸ்பத்திரி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுபத்தேழரை.

செருப்பைக் கழற்றினேன். பெல்ட்டையும் கழற்றினேன். நர்ஸிடம் உங்கள் மிஷின் தப்பு என்று கத்தினேன் — ச்சே. மூன்று வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்.

நேராகக் குடோன். ராசப்பன் தலையைச் சொறிந்தார். "கூடை ரெண்டரைக் கிலோ இருக்குதுங்க. அதக் கழிச்சுத்தானுங்க முள்ளையே வெச்சிருக்கறோம். உங்களுக்குத் தெரியாதுங்களா? தறிக்காரர் ஊட்டுப் புள்ளையாச்சேன்னு சொல்லாம உட்டுப்போட்டனுங்க."

தெரியாது. இல்லாத கூடையை இரண்டு மாதமாக என்னிலிருந்து கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 7

டயாலிசிஸ் நடுவில் அண்ணனுக்குப் பிரஷர் விழுந்துவிட்டது. கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் திறந்ததும் கேட்டது: தண்ணி.

நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தேன். அகராதியை எடுத்தேன்.

ஆகஸ்ட் 11

பசி இல்லை. இவ்வளவு சுலபமா? வாய் காய்கிறது.

ஆகஸ்ட் 18

கொள்ளு வேண்டாம். முட்டை வேண்டாம். நடந்தால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் நெஞ்சுக்குள் தறி ஓடுகிறது.

இன்னும் எட்டு நாள். தாங்குவேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுபத்து மூன்றரை. பிரஷர் நூற்றைம்பது, நூறு.

மூன்று முறை பார்த்தார்கள். அதேதான். "என்ன சாப்பிடறீங்க?" என்றார் டாக்டர். அட்டையை மேசையில் வைத்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எடையைக் குறைக்கச் சொன்னது உங்களுக்காகத்தான். ஒரே கிட்னியோட நீங்க இன்னும் அம்பது வருஷம் இருக்கணும். இந்தப் பிரஷரோட தொடமாட்டேன்."

ஆறு வாரம் கழித்து வரணும். பிரஷர் இறங்கினால்தான்.

இரண்டரைக் கிலோதானே? நடந்தே போக்கியிருப்பேனே. எதுக்குடா அவசரப்பட்ட?

ஆகஸ்ட் 27

அண்ணனிடம் சொன்னேன்.

"நாந்தான் கட்டில்ல கெடக்கறன். நீயும் படுத்துட்டா அம்மாளுக்கு யாருடா? மெதுவா வா கண்ணு. நான் எங்கயும் போயர மாட்டேன்."

மீதி அட்டைகளைக் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பீரோ சாவி மாதிரி.

ஆகஸ்ட் 31

பசி திரும்பிவிட்டது. கடும் பசி. பயந்துகொண்டே சாப்பிட்டேன். முட்டை இரண்டு, கீரை, பாதிச் சோறு. மெதுவாக மென்றேன்.

செப்டம்பர் 17

பத்திரிகையில் சின்னச் செய்தி. அமெரிக்காவில் இளைப்பதற்கான மாத்திரைகள் இரண்டைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுகிறார்களாம். இதய வால்வைக் கெடுக்கிறதாம். பெயர்கள் வேறு. என்னுடையதும் அந்த வகைதானா? முஸ்தபாவுக்குப் போன் செய்தேன். அவனும் படித்திருந்தான். "மன்னிச்சிருடா" என்றான்.

செப்டம்பர் 28

ராசப்பன் தராசைச் சரிசெய்துவிட்டார். எனக்காக. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படி இருக்கும், திங்கள் காலையில் மறுபடி கூடை.

எழுபத்து நான்கரை. ஒரு கிலோ ஏறியிருக்கிறது. பரவாயில்லை. இது தின்று நடந்த எடை.

அக்டோபர் 7, செவ்வாய்

எழுபத்து நான்கு. பிரஷர் நூற்றிருபது, எண்பது. நெஞ்சை ஸ்கேனிலும் பார்த்துவிட்டார்கள், பழுதில்லை.

இருபத்து மூன்றாம் தேதி ஆபரேஷன்.

அக்டோபர் 22

இரண்டு ஆபரேஷன் தியேட்டர்களுக்கும் வாசல் ஒன்றுதான். போய்ப் பார்த்து வந்து அம்மாவிடம் சொன்னேன். நாளைக்கு உடுத்தும் சேலையை மடித்து வைத்தாள்.

நவம்பர் 2

விலா இன்னும் இழுக்கிறது. பிடித்துக்கொண்டே அண்ணனின் அறைவரை நடந்தேன்.

அண்ணி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் அளக்காமல், நிறுத்தாமல் குடித்தார். சொம்பை நீட்டினார்.

"இன்னொண்ணு."